வெனியர் தளபாடம்: பொலிஷ் பிழைத்தால் என்ன செய்வது?

தளபாட வியாபாரத்தில் ஈடுபட்டிருக்கும் எமது வர்த்தகர்கள் அடிக்கடி முறையிடும் விடயம் ஒன்றுண்டு. ஓடர் கொடுத்த அலுமாரி பட்டறையிலிருந்து லொறியில் வந்து இறங்குகின்றது. மூன்று கதவுகளில் இரண்டு நல்ல தேக்கு நிறத்தில் இருக்கின்றன. நடுக்கதவு மட்டும் சிவப்புக் கூடி, திட்டுத்திட்டாக, ஓரத்தில் வெளிறிப்போய் நிற்கின்றது. வாடிக்கையாளர் வீட்டில் கல்யாணம் அடுத்த வாரம். பட்டறைக்காரருக்குப் போன் எடுத்தால், "அது ஒரு பெரிய விசயமில்லை, அனுப்பி வையுங்கள், தேய்த்துத் திருப்பி அடித்துத் தாறேன்" என்கிறார்.

இந்தத் தேய்த்துத் திருப்பி அடிக்கும் வேலையில்தான் பெரும்பாலான வெனியர் சாமான்கள் ஒரேயடியாக வீணாகின்றன. முதலில் இருந்த பிழை திருத்தக்கூடிய பிழை. இரண்டாவது முறை தேய்த்த பிறகு ஏற்படும் பிழை பல வேளைகளில் திருத்த முடியாதது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் வியாபாரி சாமானையும் காப்பாற்றுவார், வாடிக்கையாளரையும் காப்பாற்றுவார். அதற்கு அவர் பொலிஷ் வேலை பழகியிருக்க வேண்டும் என்பதில்லை. என்ன நடக்கின்றது, எதைச் செய்யச் சொல்ல வேண்டும், எதைச் செய்ய விடக்கூடாது என்பது தெரிந்தால் போதும்.

வெனியர் என்பது உண்மையான மரம்தான். தேக்கு, மஹோகனி போன்ற விலை கூடிய மரத்தைத் தாள் போல மெல்லிதாகச் சீவி, பிளைவூட் அல்லது எம்.டி.எப். பலகையின் மேல் ஒட்டுகிறார்கள். எமது தாத்தா காலத்துத் தளபாடங்களில் அது ஒரு மில்லிமீற்றருக்கும் அதிகமான தடிப்பில் இருக்கும். இன்று கடைகளில் வாங்கும் 8 அடிக்கு 4 அடி வெனியர் பிளைவூட்டில் மேல் மரம் அரை மில்லிமீற்றர் இருந்தாலே பெரிய காரியம். பலவற்றில் அதனிலும் குறைவு. பட்டறையில் ஒட்டிய பிறகு ஒருமுறை தேய்த்திருப்பார்கள். மீதமிருப்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். பலகை மரத்தில் செய்த மேசையை நான்கு தடவை தேய்த்தாலும் உள்ளே மரம்தான் இருக்கும். வெனியரில் மெசினைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே போதும், உள்ளே இருக்கும் பசையும் எம்.டி.எப். தூளும் வெளியே வந்துவிடும். அந்த இடத்தில் ஸ்டெயின் மரத்தில் பிடிப்பது போலப் பிடிக்காது. அதன் பிறகு அங்கே இருப்பது மரமே இல்லை.

ஆகவே வெனியரில் ஏற்பட்ட நிறப்பிழையைத் தேய்ப்பால் திருத்த முடியாது, நிறத்தாலேயே திருத்த வேண்டும். ஒரு கதவுக்கு மட்டுமன்றி முழு செட்டுக்கும் இதுதான் கணக்கு.

எதையும் தொடங்குவதற்கு முன்னர் கையில் இருப்பது வெனியர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மர ரேகையை அச்சடித்த தாளை ஒட்டிய பலகைகளும் சந்தையில் தாராளமாக இருக்கின்றன. அவற்றில் ஒரே முடிச்சு, ஒரே வளைவு இரண்டு மூன்று அடிக்கு ஒருமுறை அச்சாகத் திரும்பத் திரும்ப வரும். விரல் நகத்தால் தடவினால் மரத்தின் நுண்துளைகள் தட்டுப்படாது. பலகையின் விளிம்பில் பார்த்தாலும் விளங்கிவிடும். அச்சுத்தாளில் ஸ்டெயின் ஊறாது, பழைய பொலிஷைக் கழற்றப் போனால் படமும் சேர்ந்து வந்துவிடும். அதில் செய்யக்கூடியதெல்லாம் காயம்பட்ட இடத்துக்கு மேலாக நிறம் தொட்டு வைப்பது மட்டுமே.

பிழை எங்கிருந்து வந்தது?

இதைக் கண்டுபிடிக்காமல் மருந்து தேடுவதில் பிரயோசனமில்லை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் திட்டுகளுக்கு வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன.

பசைத் திட்டு முதலாவது. வெனியரை அழுத்தி ஒட்டும்போது பைன்டர் கம் நுண்துளைகளின் வழியாக மேலே கசிந்து வரும். அல்லது தச்சரின் விரலில் இருந்த பசை மேலே பட்டிருக்கும். பசை பட்ட இடம் ஸ்டெயினைக் குடிக்காது, அதனால் வெளிறிய கறை போல நிற்கும். ஸ்டெயின் போடுவதற்கு முன் வெற்று மரத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்திருந்தால் இந்த இடங்கள் யாவும் தெளிவாகத் தெரிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாத பட்டறைகளிலிருந்துதான் திட்டுக் கதவுகள் வருகின்றன.

அடுத்தது தேய்ப்பு வித்தியாசம். ஒரு கதவை முரட்டு சாண்ட் பேப்பராலும் மற்றக் கதவை நைஸ் பேப்பராலும் தேய்த்திருந்தால், ஒரே டின்னில் இருந்த ஸ்டெயினே இரண்டிலும் இரண்டு நிறமாக நிற்கும். முரட்டுத் தேய்ப்பு அதிகமாகக் குடிக்கும், இருண்டு போகும். நைஸ் தேய்ப்பு குறைவாகக் குடிக்கும். வேலையாட்கள் இருவர் ஆளுக்கொரு கதவைத் தேய்க்கும் பட்டறைகளில் இது சாதாரணமாக நடக்கின்றது.

இன்னொரு காரணம், லெக்கரிலேயே நிறத்தைக் கலந்து ஸ்ப்ரே அடிப்பது. வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காகச் செய்கிறார்கள். ஸ்ப்ரே கன் ஓரிடத்தில் இரண்டு முறை போனால் அந்த இடம் இருளும், ஓரங்களில் பட்டை விழும். இதில் ஒரு நன்மை, நிறம் மரத்துக்குள் இல்லை, மேற்பூச்சில்தான் இருக்கின்றது. பூச்சைக் கழற்றினால் பெரும்பாலும் நிறமும் கழன்றுவிடும்.

நான்காவது காரணம் பிழையே அல்ல. புத்தகத்தை விரிப்பது போல அடுத்தடுத்த இரண்டு வெனியர் தாள்களில் ஒன்றைப் புரட்டி ஒட்டும்போது, ஒரு தாளின் நார்கள் ஒரு பக்கமும் மற்றதன் நார்கள் எதிர்ப்பக்கமும் சாய்ந்திருக்கும். வெளிச்சம் பட்டால் ஒரு பட்டை இருளாகவும் அடுத்தது பளிச்சென்றும் தெரியும். கதவின் மறுபக்கத்துக்குப் போய் நின்று பாருங்கள். இருண்டது வெளுத்து, வெளுத்தது இருண்டு காட்டினால் அது மரத்தின் இயல்பு. அதை எந்த ஸ்டெயினாலும் சமப்படுத்த முடியாது. அப்படிச் சமப்படுத்தித் தருகிறேன் என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

வெண்புகை படிந்த பொலிஷைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில், விசேடமாக மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பகுதியில் ஈரக்காற்று வீசும்போது, என்.சி. லெக்கர் அடித்தால் மேற்பரப்பு பால் ஊற்றியது போல வெளுத்துப்போகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதில் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கின்றது. பார்ப்பதற்கு மிக மோசமாக இருக்கும் இந்தப் பிழைதான் திருத்துவதற்கு மிக மலிவானது. வெயிலும் காற்றும் உள்ள பகல் நேரத்தில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லிய புகையாக மேலே அடித்தால் பூச்சு மீண்டும் இளகி, உள்ளே இருந்த ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும். இதற்காகச் சாமானையே திருப்பி அனுப்பி, லொறிக்கூலியும் கொடுத்த வியாபாரிகள் இருக்கிறார்கள்.

பழைய பூச்சைக் கழற்றுதல்

நிறம் மரத்துக்குள் பிழைத்திருந்தால் பூச்சைக் கழற்றியே ஆக வேண்டும். என்ன பூச்சு என்று அறிய கதவின் உட்பக்கத்தில் மறைவான ஓர் இடத்தில் முதலில் ஒரு துளி ஸ்பிரிட் வையுங்கள். இளகி ஒட்டினால் அரக்கைக் கரைத்துப் போட்ட பழைய பிரெஞ்ச் பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் என்.சி. லெக்கர். தின்னருக்கும் கரையாவிட்டால் மெலமைன் அல்லது இரண்டு டின் கலந்து அடிக்கும் பி.யூ. வகை. கடைசியாகச் சொன்னதைக் கழற்றுவது பெரும்பாடு. அந்த நிலையில் கழற்றுவதை மறந்து, மேலாக நிறம் ஏற்றும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

லெக்கரைத் தின்னராலேயே கழற்றலாம். துணியை நனைத்துக் கொஞ்ச நேரம் மேலே போட்டு வைத்து, இளகியதும் மரத்தூள் அல்லது நைஸ் ஸ்டீல் வூல் கொண்டு நாரோட்டத்தின் வழியே துடைத்தெடுக்க வேண்டும். இரும்புச் சுரண்டி வேண்டாம். ஹீட் கன் கட்டாயம் வேண்டாம், சூட்டுக்கு உள்ளே உள்ள பசை இளகி வெனியர் கொப்பளிக்கும். கொன்டாக்ட் கம் போட்டு ஒட்டிய வெனியரென்றால் தின்னரும் ஆபத்துத்தான். ஊற ஊற விளிம்பு கிளம்பிவிடும். எந்தப் பசையால் ஒட்டினீர்கள் என்று பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தின்னரில் கை வையுங்கள்.

கொப்பளம் ஏற்கெனவே இருந்தால் நிறத்துக்கு முன்னர் அதை முடிக்க வேண்டும். விரலால் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்கும் இடம் ஒட்டாத இடம். புதிய பிளேடால் நாரோட்டத்தின் வழியே ஒரு கீறல் போட்டு, ஊசிச் சிரிஞ்சினால் பைன்டர் கம்மை உள்ளே செலுத்தி, மேலே பொலித்தீன் வைத்து, தட்டையான பலகையால் கிளாம்ப் போட்டு இரவு முழுவதும் விட வேண்டும். வெளியே பிதுங்கிய பசையை அப்போதே ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதலில் சொன்ன அதே பசைத் திட்டு வந்து நிற்கும்.

கழற்றிய பிறகு தேய்ப்பது கையால் மட்டும். 180 அல்லது 240 நம்பர் பேப்பர், கட்டையில் சுற்றி, நாரோட்டத்தின் வழியே. பென்சிலால் கதவு முழுவதும் லேசாகக் கிறுக்கி வைத்து, அந்தக் கிறுக்கல் அழியும் வரை மட்டும் தேய்க்கச் சொல்லுங்கள். ஓரத்துக்கு ஓர் அங்குலம் இருக்கும்போதே கையின் பாரத்தைக் குறைக்க வேண்டும். வெனியர் முதலில் அடிபடுவது ஓரத்தில்தான்.

நிறம் பிடிப்பது

பொலிஷ் பாஸ்மாரில் பலர் நிறத்தைக் கண்ணால் பிடிப்பார்கள், சரியாகவும் பிடிப்பார்கள். ஆனால் அது எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால் அந்த ஆள் லீவில் போனால் கடை தவிக்கும். அவர்கள் தம்மையறியாமல் பின்பற்றும் முறை இதுதான்.

ஒரு மரத்தில் ஒரு நிறம் இல்லை. தேக்கை அருகில் வைத்துப் பாருங்கள். பின்னணியில் தேன் போன்ற மஞ்சள், அதன் மேல் நுண்துளைகளிலும் ரேகைகளிலும் கருங்கபிலம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூச்சின் மெல்லிய செம்மஞ்சள் சாயல். இந்த மூன்றையும் ஒரே டின்னில் கலந்து ஒரே தடவையில் அடிக்க முயல்வதால்தான் கதவு சேற்று நிறமாகின்றது. ஆகவே இருக்கும் நல்ல கதவில் மிகவும் வெளிறிய இடத்தைத் தேடி, அந்த நிறத்தை முதலில் பிடிக்க வேண்டும். இதற்குக் கரைந்து தெளிவாக நிற்கும் சாயம் நல்லது. அது மர ரேகையை மறைக்காது. அது காய்ந்ததும் சாண்டிங் சீலர் ஒரு கை மெல்லிதாக. அதன் மேல், நுண்துளைகளை நிரப்பும் தூள் நிறத்தை எண்ணெயில் குழைத்துத் தடவி, உடனே துணியால் துடைத்துவிட வேண்டும். துளைகளில் மட்டும் நிறம் தங்கும். சீலர் இடையில் இருப்பதால் பிழைத்தாலும் பயமில்லை, காய்வதற்கு முன் டர்பன்டைன் துணியால் முழுவதையும் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். அடுத்து இன்னொரு கை சீலர். கடைசியாக, இன்னமும் இருக்கும் சிறு வித்தியாசத்துக்கு, தண்ணீர் போல மெல்லிதாக்கிய லெக்கரில் சில துளி நிறம் சேர்த்து ஸ்ப்ரே.

ஒவ்வொரு கையும் தேவையானதைவிடச் சற்று வெளிறியதாகவே இருக்க வேண்டும். இருளாக்குவதற்கு எப்போதும் வழியுண்டு. இருண்டதை வெளுக்க வைப்பதற்குத் திரும்பவும் கழற்றுவதைத் தவிர இலகுவான வழியில்லை.

சிவப்புக் கூடிய நடுக்கதவுக்கு வருவோம். அநேகர் அதன் மேல் கறுப்புச் சேர்த்துக் குறைக்கப் பார்க்கிறார்கள். கறுப்பு சிவப்பைக் குறைக்காது, அழுக்காக்கும். சிவப்பின் எதிரி பச்சை. அதற்காகப் பச்சைப் பெயின்ட் டின்னைத் திறக்க வேண்டியதில்லை. ரோ அம்பர் என்று கடையில் விற்கும் மண் நிறத்தில் இயல்பாகவே ஒரு பச்சைச் சாயல் இருக்கின்றது. அதை மிகக் குறைவாகச் சேர்த்தாலே சிவப்பு அடங்கிக் கபிலமாகும். மாறாக, கதவு பச்சையடித்துச் செத்தது போல இருந்தால் பர்ன்ட் சியன்னா கொஞ்சம் சேர்த்தால் உயிர் வரும். செம்மஞ்சள் மிஞ்சினால் நீலச் சாயல் கொண்ட ஒன்றின் ஒரு துளி. இந்த மூன்று டின்னும் பர்ன்ட் அம்பரும் கையில் இருந்தால் தேக்கு, மஹோகனி இரண்டையும் சமாளிக்கலாம்.

இவ்விடத்தில் வியாபாரி யோசிக்க வேண்டிய ஒரு குறுக்கு வழியும் உண்டு. மூன்று கதவுகளில் இருண்டது ஒன்று என்றால், அந்த ஒன்றைக் கழற்றிக் கஷ்டப்படுவதைவிட மற்ற இரண்டையும் மெல்லிய நிற லெக்கரால் அதன் பக்கம் கொண்டு வருவது பல வேளைகளில் பாதிச் செலவில் முடியும். அலுமாரி தனியாக விற்கப்படுவதானால் இது போதும். கட்டில், டிரெஸ்ஸிங் டேபிளோடு செட்டாகப் போவதென்றால் சரிவராது.

எதையும் கதவில் நேரடியாகப் பரீட்சித்துப் பார்க்கக்கூடாது. அதே பிளைவூட் தாளில் மிஞ்சிய துண்டில், கதவைத் தேய்த்த அதே பேப்பரால் தேய்த்து, கடைசிக் கை லெக்கர் வரை எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். சீலர் காய்ந்த நிலையில் நிறம் வெளிறியும் செத்தும் தெரியும். அதைப் பார்த்து இன்னும் நிறம் ஏற்றியவர்கள் கடைசி லெக்கர் அடித்ததும் தலையில் கை வைக்கிறார்கள். டர்பன்டைன் நனைத்த துணியால் லேசாகத் துடைத்தால், கடைசியில் எப்படித் தெரியும் என்பது அந்த ஈரத்திலேயே விளங்கும்.

வெளிச்சம் ஏமாற்றும்

எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் காட்சியறையில் வைத்து, வாடிக்கையாளர் முன்னிலையிலேயே கதவுகளை ஒப்பிட்டு, சரியென்று தலையாட்டிய பிறகே அனுப்பினார். வீட்டில் கொண்டுபோய் வைத்த அன்றிரவே போன் வந்தது, ஒரு கதவு வேறு நிறம் என்று. இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை. கடையில் வெள்ளை ட்யூப் லைட். வீட்டு அறையில் மஞ்சள் பல்ப். வெவ்வேறு சாயங்களால் கலக்கப்பட்ட இரண்டு நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும் மற்ற வெளிச்சத்தில் வேறாகவும் தெரிவது இயற்கை. பட்டறை முதலில் பாவித்த அதே வகைச் சாயத்தைக் கொண்டே திருத்தினால் இந்தப் பிரச்சினை குறையும். எப்படியிருந்தாலும் நேரடி வெயில் படாத வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை, வெள்ளை லைட்டில் ஒருமுறை, மஞ்சள் பல்பில் ஒருமுறை பார்த்துவிட்டே சாமானை ஏற்றுங்கள். மஞ்சள் பல்ப் ஒன்றைக் கடையில் மாட்டி வைப்பதற்கு என்ன செலவு?

நிறம் என்று நாம் நினைப்பதில் பாதி மினுக்கம். ஒரே நிறமுள்ள இரண்டு கதவுகளில் ஒன்று பளபளப்பாகவும் மற்றது மட்டாகவும் இருந்தால், பளபளப்பானது ஆழ்ந்த இருண்ட நிறமாகத் தோன்றும். நிறத்தில் கை வைப்பதற்கு முன்னர், மினுக்கம் கூடிய கதவின் மூலையில் மிக நைஸான ஸ்டீல் வூலும் மெழுகும் கொண்டு லேசாகத் தடவிப் பாருங்கள். அதிலேயே பிரச்சினை தீர்ந்த அலுமாரிகள் உண்டு.

பழைய சாமானுக்குச் சோடி சேர்க்கும் ஓடர்களில் இன்னும் கவனம் வேண்டும். புதுத் தேக்கில் பச்சையும் கருமையுமாகத் தெரியும் கோடுகள் வெளிச்சம் பட்டு நாளடைவில் அடங்கும். மஹோகனி இருண்டு செல்லும். லெக்கரும் வருடக்கணக்கில் மஞ்சளாகும். ஐந்து வருடப் பழைய கட்டிலுக்கு இன்று அச்சாகப் பொருந்தச் செய்த அலுமாரி இரண்டு வருடத்தில் கொஞ்சம் விலகத்தான் செய்யும். இதை ஓடர் எடுக்கும்போதே வாடிக்கையாளருக்குச் சொல்லி வைத்தால் அது விளக்கம். பிறகு சொன்னால் அது சாட்டு.

ஓரம் தேய்ந்து உள்பலகை தெரிந்துவிட்டால்

அந்த இடம் நகக்கண் அளவு என்றால் காப்பாற்றலாம். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் தூள் நிறத்தைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் முதலில் பின்னணி மஞ்சளை வைத்து, காய்ந்ததும் அதன் மேல் பக்கத்து மரத்திலிருந்து ரேகைகளைத் தொடர்ந்து இழுத்து வரைய வேண்டும். பொறுமையான கை வேண்டும். அரக்கு நிமிடங்களில் காயும் என்பதும், அதன் மேல் லெக்கர் பிடிக்கும் என்பதும் இதற்கு வசதி. ஒரு தடித்த பூச்சாக அப்பினால் மரத்தில் பிளாஸ்டர் ஒட்டியது போலிருக்கும்.

உள்ளங்கை அளவுக்குத் தேய்ந்திருந்தால் நிறத்தில் காலத்தை வீணாக்காதீர்கள். புதிதாக வெனியர் ஒட்டுவதோ, கதவையே புதிதாகச் செய்வதோதான் வழி. அதே மரத்தின் அடுத்த தாள் கிடைக்காவிட்டால் மூன்று கதவையும் மாற்ற வேண்டி வரலாம். இதனால்தான் ஓடர் கொடுக்கும்போதே கதவுகள் யாவும் ஒரே கட்டுத் தாளிலிருந்து வெட்டப்பட வேண்டும், மிஞ்சிய துண்டு ஒன்று சாமானோடு வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். நிற மாதிரித் துண்டு இரண்டு செய்து, இரண்டின் பின்னாலும் பட்டறைக்காரரும் நீங்களும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டால், பிழை வரும்போது யார் செலவு என்ற வாக்குவாதமே எழாது.

கணக்கையும் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஒரு அலுமாரியில் உங்களுக்கு 15,000 ரூபா லாபம் நிற்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவைக் கழற்றி நிறம் திருத்த நல்ல பாஸுக்கு இரண்டு நாள் கூலி, தின்னர், லெக்கர், காயும் நேரம் எல்லாம் சேர்ந்து அந்த லாபத்தில் பாதியை விழுங்கினால் திருத்தலாம். முழு அலுமாரியையும் திருத்த வேண்டுமென்றால் லாபம் முழுவதும் போய்க் கைமுதலும் போகும். அப்படிப்பட்ட நேரத்தில் குறையைக் காட்டி, விலையைக் குறைத்து, அதே நிலையில் விற்பதே உத்தமம். அதை வாங்குவதற்கு ஆள் இருக்கிறார்கள்.

குறையைக் காட்டி என்று சொன்னது வேண்டுமென்றேதான். வெனியரைப் பலகைத் தேக்கு என்று சொல்லி விற்பதும், நிறம் பூசி மறைத்த ஓரத்தைச் சொல்லாமல் விடுவதும் எமது ஊர்களில் சாமர்த்தியமாகக் கருதப்படுகின்றது. நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் வைத்த வியாபாரிக்கு நபிகளார் (ஸல்) என்ன சொன்னார்கள் என்பதை ஜும்ஆவில் கேட்காதவர் எம்மில் எவருமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்தி விற்பதைத் தடை செய்கின்றது. பில்லில் "தேக்கு வெனியர், பிளைவூட்" என்று ஒரு வரி எழுதுவதால் விற்பனை குறைந்ததை நான் கண்டதில்லை. வெனியர் மட்டமான சாமான் அல்ல. நன்றாகச் செய்தால் அகலமான கதவு வளையாமல், வெடிக்காமல் நிற்பதில் பலகை மரத்தைவிட அதுவே மேல்.

திருத்தும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என்.சி. லெக்கரும் தின்னரும் பெற்றோலைப் போலத் தீப்பிடிப்பவை. கடையின் பின்னறையில், வயர் தொங்கும் மின்விசிறிக்குக் கீழே வைத்து ஸ்ப்ரே அடிப்பதைப் பல இடங்களில் காண்கின்றோம். காற்றோட்டமான வெளியிடமும், முகத்துக்கு முறையான மாஸ்க்கும் இல்லாமல் அந்த வேலை வேண்டாம். லின்சீட் ஒயில் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்து அல்லது தண்ணீரில் அமிழ்த்தி அகற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் அவசரப்பட்டுப் பொலித்தீன் சுற்றிவிடாதீர்கள். லெக்கர் தொடுகைக்கு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இளக்கமாகவே இருக்கும். சுற்றினால் பொலித்தீனின் சுருக்கம் முழுவதும் கதவில் அச்சாக விழும். குறைந்தது மூன்று நான்கு நாட்கள் காற்றுப்பட நிற்கட்டும், மழைக்காலமென்றால் இன்னும் கூட. கல்யாணத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த நாட்கள் கைவசம் இல்லையென்றால் வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லி, இருக்கும் நல்ல இரண்டு கதவோடு அலுமாரியைக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு, நடுக்கதவைப் பிறகு மாட்டிக் கொடுங்கள். பிணைச்சலில் ஆறு ஸ்க்ரூ, அரை மணித்தியால வேலை. நிறம் கலந்த அளவுகளை மாதிரித் துண்டின் பின்னால் எழுதிக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டிலிருந்து அடுத்த வருடம் புத்தக ராக்கைக்கு ஓடர் வரும்போது அந்தத் துண்டு தேவைப்படும்.